தமிழ் வாசிக்கத் திணறும் பிள்ளைக்கு: டிஸ்லெக்சியாவும் தினமும் 25 நிமிடமும்

"வாயால கேட்டா எல்லாம் சொல்றான், எழுதச் சொன்னா ஒண்ணும் வர மாட்டேங்குது." மூன்றாம், நான்காம் வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோர் இப்படிச் சொல்லும்போது, டிஸ்லெக்சியாவாக, அதாவது அறிவு இருந்தும் வாசிப்பும் எழுத்தும் வராத கற்றல் குறைபாடாக இருக்குமோ என்று அங்கேயே யோசிக்க வேண்டும். பெரும்பாலும் யாரும் யோசிப்பதில்லை. கவனம் போதாது, விளையாட்டுப் புத்தி, சோம்பல் என்று பேர் வைத்து, டியூஷனை மாற்றி, தப்பாக எழுதிய சொல்லைப் பத்துத் தடவை எழுத வைத்து இரண்டு மூன்று வருஷம் ஓடிவிடுகிறது. வாசிப்பைச் சரிசெய்யத் தோதான வருஷங்கள் அவை.

இந்தக் குறை புதிதாக வந்ததும் அல்ல. 1896இல் பிரிங்கிள் மார்கன் என்ற ஆங்கிலேய மருத்துவர் 14 வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார். பையன் சூட்டிகை, கணக்கு வரும், விளையாட்டிலும் முந்தி நிற்பான். ஆனால் சின்னச் சின்னச் சொற்களைக்கூட வாசிக்க முடியவில்லை. பாடம் முழுக்க வாய்மொழியாக நடந்தால் பள்ளியிலேயே இவன்தான் கெட்டிக்காரன் என்று அவனுடைய ஆசிரியர் சொன்னாராம். நம் பெற்றோர் சொல்வதும் அதேதான்.

டிஸ்லெக்சியா கண்ணில் உள்ள கோளாறு இல்லை, அறிவில் உள்ள குறையும் இல்லை. பேச்சொலிகளை மூளை கையாளும் விதத்தில் உள்ள வேறுபாடு. 'படம்' என்ற சொல் காதில் விழும்போது அது ப, ட, ம் என்ற துண்டுகளால் ஆனது என்பது மற்றப் பிள்ளைகளுக்கு ஐந்து, ஆறு வயதில் தானாகப் புலப்படும். இவர்களுக்குப் புலப்படாது. துண்டு பிடிபடாததால், துண்டுக்கு உரிய எழுத்து மனதில் ஒட்டுவதில்லை. ஒட்டினாலும் பார்த்த கணத்தில் வாயில் வருவதில்லை. நூற்றுக்கு 5 முதல் 10 பிள்ளைகள் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. 40 பேர் வகுப்பில் இரண்டு பேராவது இருப்பார்கள். குடும்பத்தில் தொடரக்கூடியது என்பதால் அப்பா, அம்மா, சித்தப்பா, மாமா யாராவது படிப்பில் இப்படித் திணறியவர்களா என்று விசாரிப்பது பயனுள்ளது.

தமிழில் இது வேறு முகம் காட்டும்

இணையத்தில் கிடைக்கும் அறிகுறிப் பட்டியல்கள் ஆங்கில வாசிப்பை வைத்து எழுதப்பட்டவை. ஆங்கிலத்தில் ஓர் எழுத்துக்குப் பல ஒலி, ஓர் ஒலிக்குப் பல எழுத்து. அங்கே டிஸ்லெக்சியா உள்ள பிள்ளை தப்பும் தவறுமாக வாசிக்கும், உடனே கண்ணில் படும். ஜெர்மன், இத்தாலியம் போல எழுதியபடியே வாசிக்கும் மொழிகளில் இதே குறை உள்ள பிள்ளைகள் பெரும்பாலும் சரியாகவே வாசிப்பார்கள், ஆனால் மிக மெதுவாக. தமிழும் பெருமளவு இந்தப் பக்கம்தான். முதல் இரண்டு வகுப்பில் உயிர்மெய் பிடிபடாமல் பிழை நிறைய வரும். பிறகு எப்படியோ எழுத்துக்கூட்டிச் சொல்லை எட்டிவிடுவார்கள். ஆனால் வரியின் முடிவுக்கு வரும்போது தொடக்கம் மறந்திருக்கும். "வாசிச்சுட்டான், அர்த்தம்தான் புரியல" என்று ஆசிரியர் சொன்னால் வேகத்தைப் பாருங்கள்.

இன்னொரு மறைப்பு மனப்பாடம். நினைவாற்றல் நல்ல பிள்ளை, வகுப்பே சேர்ந்து உரக்கச் சொல்லும் பாடத்தைக் கேட்டுக் கேட்டு, புத்தகத்தைப் பார்த்து வாசிப்பதுபோலவே ஒப்பித்துவிடும். கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. படத்தைக் கையால் மறையுங்கள். பத்தியின் நடுவிலிருந்து ஒரு சொல்லைக் காட்டி வாசிக்கச் சொல்லுங்கள். கடைசி வரியைப் பின்னிருந்து சொல் சொல்லாகக் கேளுங்கள். பிறகு பொருளே இல்லாத சொற்கள் ஐந்தாறு எழுதிக் கொடுங்கள்: டமப, பிகாமு, தொகில், மேசடு, கூபணி. வாசிக்கத் தெரிந்த பிள்ளை சிரித்துக்கொண்டே சொல்லிவிடும். மனப்பாடத்தை நம்பியிருக்கும் பிள்ளை தெரிந்த சொல்லாக மாற்றிச் சொல்லும், அல்லது அப்படியே நின்றுவிடும்.

பள்ளிக்கு முன்பே தெரியும் அறிகுறிகளும் உண்டு: பேச்சு தாமதமாக வருதல், மோனை, எதுகை விளையாட்டுகள் பிடிபடாமை, சொல்லுக்குள் ஒலிகளை இடம் மாற்றிச் சொல்லுதல், கிழமைகளை வரிசையாகச் சொல்ல வராமை, தெரிந்த பொருளின் பேர் நாக்கு நுனியில் நின்றுவிடுதல். ஒன்றிரண்டு இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. ஆங்கில b, d எழுத்துகளை மாற்றி எழுதுவது ஏழு வயது வரை பல பிள்ளைகளிடமும் இருப்பது. அதை மட்டும் வைத்து எந்த முடிவுக்கும் வரக்கூடாது.

அரசுப் பள்ளிகளில் 2022 முதல் நடக்கும் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரிக்கிறார்கள். மற்றவர்கள் நகர்ந்த பிறகும், ஒழுங்காகப் பள்ளிக்கு வந்தும், ஒரு பிள்ளை தமிழில் மட்டும் அரும்பிலேயே நின்றால் அதுவே போதுமான எச்சரிக்கை.

நம் எழுத்தில் கால் இடறும் இடங்கள்

பிழைகளைப் பொதுவாகத் 'தப்பு' என்று எண்ணினால் உதவ முடியாது. எந்த வகைப் பிழை என்று ஒரு நோட்டில் குறித்துக்கொண்டு வந்தால், இரண்டு வாரத்தில் என்ன கற்றுக்கொடுக்க வேண்டும் என்பது தெளிவாகத் தெரியும்.

கொம்பு பெரிய தடை. 'கெ' என்பதில் ஒற்றைக்கொம்பு முன்னால் நிற்கிறது, ஒலியோ பின்னால் வருகிறது. 'கொ'வில் எழுத்துக்கு முன்னும் பின்னும் குறி. இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாக ஒலிக்கும் பிள்ளை 'கொடி'யைக் 'கெடி' என்றோ 'கெரடி' என்றோ வாசிக்கும், ஏனென்றால் துணைக்காலும் 'ர'வும் அச்சில் கிட்டத்தட்ட ஒன்று. 'கௌ'வில் கடைசிக் குறி 'ள' போலவே இருப்பதால் 'கெள' என்று வரும். இதற்கு மருந்து, கொம்பு, எழுத்து, கால் மூன்றையும் சுற்றி ஒரே பென்சில் வட்டம் போட்டு 'இது ஒரே எழுத்து' என்று பழக்குவது. சில வாரம் வாசிக்கும் ஒவ்வொரு பத்தியிலும் வட்டம் போடச் சொல்லுங்கள், பிறகு வட்டம் தேவைப்படாது.

உகர வரிசை அடுத்த தடை. ஆகாரத்துக்கு ஒரே கால், இகரத்துக்கு ஒரே விலங்கு ('கி'யில் மேலே வரும் வளைவு) என்று பழகிய பிள்ளைக்கு உகரத்தில் ஒவ்வோர் எழுத்தும் வேறு வேறு உருவமாகத் தோன்றும். உண்மையில் மூன்றே குடும்பம்தான். கு, டு, மு, ரு, ழு, ளு ஒரு குடும்பம். ஙு, சு, பு, யு, வு கீழே கோடு இறங்கும் குடும்பம். ஞு, ணு, து, நு, லு, று, னு இன்னொன்று. குடும்பத்துக்கு ஒரு வாரம் என்று பிரித்துக் கொடுத்தால் பிடித்துக்கொள்கிறார்கள். அட்டவணையில் 18ஐயும் ஒரேயடியாகக் கொடுத்தால் ஒன்றும் நிற்காது. ஊகார வரிசையை உகரம் உறுதியான பிறகே தொடுங்கள்.

உருவம் ஒத்த எழுத்துகளை (ன-ண, ப-ம, எ-ஏ, ஒ-ஓ) ஒரே வாரத்தில் அறிமுகப்படுத்தாதீர்கள். பாடநூல்களில் ஒப்பிட்டுக் காட்டுவதற்காக அருகருகே வைப்பார்கள். மற்றப் பிள்ளைகளுக்கு அது உதவும், இவர்களுக்கு இரண்டும் ஒன்றாகக் குழம்பிவிடும். முதலில் 'ன' தயங்காமல் வரட்டும், இரண்டு மூன்று வாரம் கழித்து 'ண' வரட்டும்.

வல்லின எழுத்துகளின் ஒலி மாறுவதையும் யாராவது வாய்விட்டுச் சொல்ல வேண்டும். 'பட்டம்' என்பதில் ட வலிந்து வரும், 'படம்' என்பதில் மெலிந்து வரும். 'கம்பம்' என்பதில் முதல் க வலிது, நடுவில் உள்ள ப மெலிது. இரட்டித்தால் வலிது, மெல்லினத்தை அடுத்து வந்தால் மெலிது, சொல்லின் நடுவில் தனியாக வந்தால் மெலிது. இந்த மூன்று வரியை மற்றவர்கள் தாமாக ஊகித்துக்கொள்வார்கள், இந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தான் தர வேண்டும்.

பேச்சுக்கும் எழுத்துக்கும் உள்ள தூரம் இன்னொரு சுமை. பிள்ளையின் காதில் இருப்பது 'வந்துச்சு', தாளில் இருப்பது 'வந்தது'. சொல்லைப் பாதி கூட்டியதும் தெரிந்த சொல்லாக ஊகித்துப் பேச்சு வடிவத்தையே சொல்லிவிடும். இதைப் பிழை என்று அதட்டாமல், பாடத்தைத் தொடங்கும் முன்பே "நாம 'வந்துச்சு'ன்னு சொல்றது புத்தகத்துல 'வந்தது'ன்னு இருக்கும்" என்று நாலைந்து சொல்லைச் சொல்லி வைத்துவிட்டால் வாசிப்பு நிற்காது.

தினமும் 25 நிமிடம்

வாரத்துக்கு ஐந்து நாள், ஒரே நேரம், ஒரே இடம். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் உட்கார வைப்பதைவிட இது பல மடங்கு பயன் தரும். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு வேண்டாம், அப்போது மூளை களைத்திருக்கும்.

முதல் 3 நிமிடம் தாள் இல்லாமல் வாய், காது மட்டும். 'ம...ர...ம், சேர்த்துச் சொல்லு.' 'பட்டம், இதுல எத்தனை தட்டு?' என்று கைதட்டிப் பிரிப்பது. வந்த பிறகு கொஞ்சம் கடினம்: 'கடல்ல க-வை எடுத்துட்டு ம போட்டா?' 'மடல்.'

அடுத்த 5 நிமிடம் எழுத்து அட்டைகள். கட்டில் 15 பழைய அட்டை, 2 புதியது, அதற்கு மேல் வேண்டாம். அட்டையைக் காட்டிய ஒரு நொடிக்குள் ஒலி வர வேண்டும். தொடர்ந்து மூன்று நாள் அப்படி வந்தால்தான் அந்த எழுத்து 'தெரிந்த' கட்டுக்குப் போகும். யோசித்துச் சரியாகச் சொல்வது பாதி வெற்றிதான். எழுத்தை அடையாளம் காணவே யோசனை செலவானால் பொருளைப் பிடிக்க மனதில் இடம் மிஞ்சாது.

அடுத்த 7 நிமிடம் சொற்கள். இதில்தான் பெரும்பாலான வீடுகளில் தப்பு நடக்கிறது. கற்றுக்கொடுத்த எழுத்துகளால் மட்டும் ஆன சொற்களைத்தான் கொடுக்க வேண்டும். அ, ஆ, இ என்று 247ஐயும் வரிசையாக முடித்துவிட்டு வாசிக்கத் தொடங்கலாம் என்று காத்திருந்தால் இந்தப் பிள்ளைகள் ஒருபோதும் தொடங்க மாட்டார்கள். ப, ட, ம, அவற்றின் புள்ளி எழுத்துகள் போதும், படம், மடம், பட்டம், மட்டம் வந்துவிடும். துணைக்கால் சேர்ந்தால் பாடம், மாடம், மாமா, பாப்பா. க, ல சேர்ந்தால் கல், பல், கால், பால், கடல், பாடல், கப்பல், கட்டம். ஐந்து மெய்யும் ஒரு காலும் கற்ற மூன்றாம் வாரத்தில் பிள்ளை உண்மையாகவே வாசிக்கும். தன்னால் முடியும் என்ற அந்த அனுபவத்தை எந்தப் பாராட்டாலும் ஈடு செய்ய முடியாது. ஒவ்வொரு நாளும் பத்துச் சொல்லுக்கு இரண்டு பொருளற்ற சொல்லையும் கலந்து வையுங்கள், ஊகம் குறையும்.

பிறகு 5 நிமிடம் சொல்வதெழுதுதல்: அன்று வாசித்தவற்றிலிருந்தே ஐந்து சொல், ஒரு வாக்கியம். எழுதும் முன் பிள்ளை சொல்லை வாய்விட்டுப் பிரித்துச் சொல்ல வேண்டும். ஒவ்வோர் எழுத்தையும் ஒலித்துக்கொண்டே எழுத வேண்டும். தப்பு வந்தால் அந்த எழுத்தை மட்டும் சுட்டி, 'மறுபடி சொல்லிப் பாரு' என்றால் போதும். பத்துத் தடவை எழுதும் இம்போசிஷன் ஏன் பலிப்பதில்லை என்றால், மூன்றாம் தடவைக்குப் பிறகு பிள்ளை ஒலியை நினைப்பதே இல்லை. கை மேல் வரியைப் பார்த்து வரைந்துகொண்டிருக்கிறது. பல சமயம் நாலாவது வரியில் பிழை நுழைந்து, மிச்சம் ஆறு வரியும் அந்தப் பிழையையே பயிற்சி செய்கிறது.

கடைசி 5 நிமிடம் பத்தி. 60 முதல் 80 சொல் உள்ள ஒரே பத்தியைத் தொடர்ந்து நாலு நாள் வாசிக்கட்டும். முதல் நாள் நீங்கள் வாசிக்கப் பிள்ளை விரலால் தொடரட்டும், பிறகு இருவரும் சேர்ந்து, பிறகு தனியாக. நீளச் சொற்களைப் பென்சிலால் முன்கூட்டியே வெட்டிக் கொடுங்கள்: போய்க்/கொண்டி/ருந்தார்/கள். 'கள்', 'இலிருந்து', 'உக்கு' போன்ற விகுதி, உருபுகளைத் தனி அட்டையாகப் பழக்கினால், சொல்லின் வால் பார்த்த உடனே வந்துவிடும்.

இந்த 25 நிமிடத்துக்கு வெளியே, தூங்கும் முன் நீங்கள் கதை வாசித்துக் காட்டுவதை மட்டும் விட்டுவிடாதீர்கள். தானே வாசிக்க முடியாத பிள்ளைக்குச் சொல்வளம் காது வழியாகத்தான் வளர வேண்டும். அதை நிறுத்தினால் ஆறாம் வகுப்பில் வாசிப்பு சரியான பிறகும் பாடம் புரியாது.

எழுத்துப்பிழைக்கு இலக்கணமே துணை

ல-ள-ழ, ர-ற, ந-ன-ண மயக்கம் எல்லாப் பிள்ளைக்கும் உண்டு, இவர்களுக்கு மிகுதி. ஒவ்வொரு சொல்லாக நினைவில் வைக்கச் சொல்வதைவிட விதி கொடுப்பது நல்லது. ட-வுக்கு முன் ண (வண்டி), த-வுக்கு முன் ந (பந்து), ற-வுக்கு முன் ன (கன்று), ப-வுக்கு முன் ம (கம்பு), க-வுக்கு முன் ங (சங்கு), ச-வுக்கு முன் ஞ (பஞ்சு) என்று வைத்துக்கொண்டால் பெரும்பகுதி தீர்ந்துவிடும். தமிழ்ச் சொல் ண, ன, ள, ழ, ற எழுத்துகளில் தொடங்காது என்பது இன்னொரு பெரிய நிம்மதி. சொல்லின் முதலில் 'ந' தான், 'ல' தான், யோசிக்கவே வேண்டாம். மிச்சம் உள்ள மனை-மணை, பறவை-பரவை போன்றவற்றை வாரத்துக்கு இரண்டு என்று மெதுவாக ஏற்றலாம்.

ஆங்கிலத்துக்கும் இதே வழிதான்: எழுத்தின் பேருக்கு முன் அதன் ஒலி, மூன்றெழுத்துச் சொற்கள், ஒவ்வொன்றாகக் குறில் ஒலிகள். ஒரு மொழியில் ஒலியைப் பிரிக்கக் கற்ற திறன் இன்னொன்றுக்கும் உதவும். அதனால் ஆங்கில வழிப் பள்ளி என்பதற்காக வீட்டில் தமிழை நிறுத்திவிடச் சொல்லும் அறிவுரையில் எனக்கு உடன்பாடில்லை. ஒலி ஒழுங்கு உள்ள மொழியில் முதல் வெற்றி கிடைப்பது பிள்ளைக்கு நல்லது.

பணத்தைக் கரைக்கும் கடைகள்

நிறக் கண்ணாடி, கண் பயிற்சி, ஞாபகசக்தி டானிக், மூளையின் இரு பாதிகளையும் இணைப்பதாகச் சொல்லும் உடற்பயிற்சி எல்லாம் விற்கிறார்கள். நிறக் கண்ணாடிக்கும் கண் பயிற்சிக்கும் அறிவியல் ஆதாரம் இல்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமியும் கண் மருத்துவ அமைப்புகளும் 2009இல் கூட்டாக அறிவித்துவிட்டன. பார்வை, செவித்திறன் இரண்டையும் ஒருமுறை பரிசோதிப்பது அவசியம், அது வேறு விஷயம். பெரிய எழுத்தும் வரிகளுக்கிடையே தாராள இடைவெளியும் சிலருக்கு வசதியாக இருக்கும், அதற்குச் செலவில்லை.

பள்ளியும் சான்றிதழும்

ஆசிரியரிடம் கேட்க வேண்டியவை சின்னச் சின்ன விஷயங்கள். முன்னறிவிப்பு இல்லாமல் வகுப்பு நடுவே எழுப்பி உரக்க வாசிக்கச் சொல்லாதிருத்தல். மறுநாள் வாசிக்கப்போகும் பத்தியை முந்தின நாளே தருதல். கரும்பலகையைப் பார்த்து எழுதுவதில் பாதி மன்னிப்பு, மிச்சத்துக்கு நண்பரின் நோட்டு. அறிவியல், சமூக அறிவியல் விடைகளில் எழுத்துப்பிழைக்கு மதிப்பெண் வெட்டாதிருத்தல். வாய்மொழியாக ஓரிரு கேள்வி. பெரிய வகுப்புகளில் தமிழ்நாட்டுப் பாடநூல்களின் பிடிஎஃப் கோப்பை ஃபோனில் இறக்கி, தமிழ்க் குரலில் வாசிக்க வைத்துக் கேட்கலாம். வாசிப்புப் பயிற்சி ஒரு பக்கம் நடக்கட்டும், பாட அறிவு அதற்காகக் காத்திருக்கக் கூடாது.

முறையான மதிப்பீட்டை மருத்துவ உளவியலாளர் செய்வார். பெங்களூரு மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் உருவாக்கிய சோதனைத் தொகுதி நாட்டில் பரவலாகப் பயன்படுகிறது. சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் 1990களிலிருந்து பிள்ளைகளுக்கும் ஆசிரியர்களுக்கும் பயிற்சி தருகிறது. மற்ற ஊர்களில் பள்ளிக் கல்வித் துறையின் வட்டார வள மையத்தில் உள்ள சிறப்புப் பயிற்றுநரையோ, அரசு மருத்துவமனையில் உள்ள மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையத்தையோ முதலில் அணுகலாம். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் டிஸ்லெக்சியாவும் அடங்கும் 'குறிப்பிட்ட கற்றல் குறைபாட்டை'த் தன் 21 வகைகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. 2018இல் வந்த வழிகாட்டு நெறிகள் 8 வயதுக்குப் பிறகே மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் என்று வைத்தன, 14, 18 வயதுகளில் மறுமதிப்பீடும் கேட்டன. விண்ணப்பிக்கும் முன் இப்போதைய விதியை அரசு மருத்துவமனையில் கேட்டுக்கொள்ளுங்கள். கற்பித்தலுக்கு எட்டு வயது வரை காத்திருக்கத் தேவையே இல்லை, சந்தேகம் வந்த வாரமே அட்டைகளை எழுதத் தொடங்கலாம்.

மாநிலப் பொதுத்தேர்வில் கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு ஆகிய சலுகைகள் உண்டு. தலைமையாசிரியர் வழியாக அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்கு விண்ணப்பம் போக வேண்டும். சிபிஎஸ்இயிலும் மூன்று மணி நேரத் தேர்வுக்கு ஒரு மணி நேரம் கூடுதலாகத் தருகிறார்கள். பத்தாம் வகுப்புத் தொடங்கியதுமே கேட்டு வைப்பது நல்லது, அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு ஓடினால் கோப்பு நகராது. சொல்வதை எழுதுபவரோடு பயிற்சியும் வேண்டும். விடையை மனதில் வரிசைப்படுத்தி வாக்கியமாகச் சொல்வது தனித் திறன். தேர்வு நாளில் முதன்முதலாகச் சந்தித்தால் தெரிந்த விடையும் பாதிதான் தாளுக்கு வரும். மொழிப்பாட விலக்கைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள். கற்றுக்கொடுத்துப் பார்க்காமலேயே நாலாம் வகுப்பில் தமிழை விட்டுவிடலாம் என்று முடிவெடுப்பது பிள்ளைக்குச் செய்யும் அநியாயம்.

முன்னேற்றம் நடக்கிறதா என்பதை மதிப்பெண்ணால் அளக்க வேண்டாம், அது கடைசியாகத்தான் நகரும். வாரம் ஒரு நாள், முன்பு பார்க்காத பத்தி ஒன்றைக் கொடுத்து ஒரு நிமிடம் வாசிக்கச் செய்து, சரியாக வாசித்த சொற்களை மட்டும் எண்ணிக் கட்டம் போட்ட தாளில் புள்ளி வையுங்கள். ஒரு வாரம் ஏறும், ஒரு வாரம் இறங்கும். 12 வாரக் கோடு மேலே போகிறதா என்று பாருங்கள். போகாவிட்டால் பெரும்பாலும் மூன்றில் ஒன்று நடந்திருக்கும்: புதிய எழுத்துகள் அளவுக்கு மீறி வேகமாகச் சேர்கின்றன, சொற்பட்டியலில் கற்றுக்கொடுக்காத எழுத்துகள் நுழைந்துவிட்டன, அல்லது வாரத்துக்கு ஐந்து நாள் என்பது இரண்டாகச் சுருங்கிவிட்டது. மூன்றும் சரியாக இருந்தும் கோடு அசையவில்லை என்றால் கவனக்குறைபாடு போன்ற வேறொன்றும் சேர்ந்திருக்கக்கூடும். அந்தத் தாளையும் பிழை நோட்டையும் எடுத்துக்கொண்டு உளவியலாளரிடம் போங்கள். ஒரு மணி நேரச் சோதனையில் அவருக்குத் தெரியாதது பல அந்த இரண்டிலும் இருக்கும்.